கடன் அதிகமிருந்தால் உணவு கம்பெனியின் மதிப்பு எப்படிக் கூடும்?

சேலத்துப் பையன்:
பாக்கெட் உணவு விற்கும் சின்ன கம்பெனிகளின் பங்குகளைக் கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன். பி/இ, அதாவது பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது வரைக்கும் புரிகிறது. எண்டர்பிரைஸ் வேல்யூ என்று வந்தால் குழம்புகிறது. சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, ரொக்கத்தைக் கழிக்கச் சொல்கிறார்கள். கடன் இருந்தால் மதிப்பு குறையத்தானே வேண்டும்? ஒரு மசாலா கம்பெனியையும் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியையும் இதை வைத்து ஒப்பிடலாமா?

பங்குச்சந்தை வாசகர்:
கடனால் மதிப்பு கூடுவதில்லை. மொத்தத் தொழிலுக்கும் ஒரு விலை, அதுதான் எண்டர்பிரைஸ் வேல்யூ. அதில் கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது போக மீதிதான் பங்குதாரருக்கு.

பிரிங்கிள்ஸ் சிப்ஸ் தயாரிக்கும் கெலனோவாவை வாங்க 2024 ஆகஸ்டில் சாக்லேட் கம்பெனியான மார்ஸ் ஒப்பந்தம் போட்டது. பங்குக்கு 83.50 டாலர். அறிவித்த மொத்தத் தொகை 3,590 கோடி டாலர். பங்குதாரர்களுக்குப் போவது அதில் 3,000 கோடிக்குள்தான், மீதி மார்ஸ் தன் தலையில் ஏற்றுக்கொண்ட நிகரக் கடன். எபிட்டாவைப் போல, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபத்தைப் போல, 16.4 மடங்கு விலை என்று அவர்கள் சொன்னதும் அந்த 3,590 கோடியை வைத்துத்தான்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
தம்பி, தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு தொழிலிலும் மார்ச் 31 கணக்கை அப்படியே நம்பக் கூடாது. வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான், இவர்கள் வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு இருப்புக் கணக்கை (ஸ்டாக் ஸ்டேட்மென்ட்) மாதாமாதம் பார்த்ததால் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஜூன், ஜூலையில் போனால் கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வருஷம் முழுக்க விற்க வேண்டிய கூழை அந்தச் சில வாரங்களில்தான் அரைத்து டிரம்மில் அடைப்பார்கள். பழத்துக்குப் பணம் உடனே போய்விடும், கூழ் விற்ற பணம் அடுத்த பல மாதங்களில் சிறுகச் சிறுக வரும். சிசி கணக்கு, அதாவது தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன், சீசன் முடிவில் உச்சியில் நிற்கும், மார்ச்சில் வடிந்து கிடக்கும்.

மசாலாவில் கதை தலைகீழ். குண்டூர் மிளகாய் வரத்து பிப்ரவரியில் சூடுபிடித்து மே வரை ஓடும். விலை தோதாக இருக்கும்போதே மொத்தமாக வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் போடுவார்கள். மார்ச் 31 அன்று கிடங்கும் நிறைந்திருக்கும், கடனும் நிறைந்திருக்கும். ஆக, ஒரே தேதியில் கூழ் கம்பெனி கடன் இல்லாதது போலவும் மசாலா கம்பெனி கடனில் மூழ்கியது போலவும் தெரியும்.

எப்படிச் சரிபார்ப்பது? பட்டியலிட்ட கம்பெனிகள் செப்டம்பர் 30 பேலன்ஸ் ஷீட்டையும் வெளியிடுகின்றன, அதையும் எடுங்கள். அப்புறம் வட்டிச் செலவைப் பாருங்கள், அது வருஷம் முழுவதற்குமான சாட்சி. வங்கிக் கடனுக்கு 9 கோடி வட்டி கட்டியிருக்கிறார்கள், வட்டி விகிதம் 9 சதவீதம் என்றால் சராசரிக் கடன் 100 கோடி. மார்ச் கணக்கில் 40 கோடிதான் இருக்கிறதா? 100 கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, அந்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு 800 கோடி, எபிட்டா 55 கோடி, ரொக்கம் பெயரளவுக்குத்தான் என்று வைப்போம். மார்ச் கடனைச் சேர்த்தால் 840 கோடி, 15.3 மடங்கு. சராசரிக் கடனைச் சேர்த்தால் 900 கோடி, 16.4 மடங்கு. பக்கத்தில் இன்னொரு கம்பெனி 15.8 மடங்கில் இருந்தால், எது மலிவு என்ற முடிவே மாறிவிடும்.

ரொக்கத்தையும் முழுசாகக் கழிக்காதீர்கள். அறிவித்து இன்னும் கொடுக்காத டிவிடெண்ட் அதில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்த சீசனில் பழம் வாங்க வைத்திருக்கும் பணமும் உபரி இல்லை.

பங்குச்சந்தை வாசகர்:
கடன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்க உணவு கம்பெனி கிராஃப்ட் ஹைன்ஸைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் கணக்குப் புத்தகத்தில் இருந்த சொத்து மதிப்பில் 1,540 கோடி டாலரைக் குறைத்து எழுதினார்கள், காலாண்டு டிவிடெண்டை 62.5 சென்டிலிருந்து 40 ஆகக் குறைத்தார்கள். மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்தது. சுமார் 3,000 கோடி டாலர் கடன் அப்படியே நின்றது. கடனையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த மதிப்பு இறங்கியது 20 சதவீதத்துக்கும் கீழே. அடி முழுவதும் பங்குதாரர் மேல்.

சேலத்துப் பையன்:
ரொம்ப நன்றி சார். இன்னொரு சந்தேகம். மசாலா கம்பெனி கிடங்கை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. அது கடனில் சேருமா?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
நல்ல கேள்வி. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியக் கணக்கியல் தரம் 116 அமலில் இருக்கிறது. அதன்படி இந்த மாதிரிக் குத்தகை வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து எபிட்டாவுக்குக் கீழே போய்விடும். அதனால் எபிட்டா பெரிதாகத் தெரியும். அந்த எபிட்டாவை எடுத்தால் குத்தகைப் பொறுப்பையும் கடனில் கூட்டுங்கள். கூட்ட மனமில்லை என்றால் கட்டிய வாடகையை எபிட்டாவிலிருந்து கழியுங்கள். இரண்டு கம்பெனிக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். நான் சொன்ன வட்டிக் கணக்கிலும் குத்தகை வட்டியை நீக்கிவிட்டு மீதியை மட்டும் எடுங்கள், நிதிச் செலவு பற்றிய குறிப்பில் அதைத் தனியாகக் காட்டியிருப்பார்கள்.