பீப்பாயில் ஊறிய பொன்னிறப் புளிப்பு பியர்: முதல் நாள் அமிர்தம், மறுநாள் எலி நாற்றம். கெட்டுவிட்டதா?

கொலோன்காரன் எழுதியது:

வணக்கம். கொலோனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. குடிப்பதில் நான் பெரிய ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ்காரர்களோடு நின்றபடியே 200 மில்லி கிளாஸில் மூன்று கோல்ஷ் (கொலோனின் உள்ளூர் பியர்), அதோடு சரி. புளிப்பு பியர் என்று இதுவரை குடித்தது லைப்சிக்கில் கோஸே மட்டும்தான். அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல இருந்ததால் பயமில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் 750 மில்லி. ஷாம்பெய்ன் போலத் தக்கை, அதன் மேல் கம்பிக் கூடு. பீப்பாயில் ஊறிய கோல்டன் சவர், ஷார்டனே ஒயின் வைத்திருந்த ஓக் பீப்பாயில் 14 மாதம், 6.5 சதவீதம் என்று லேபிள் சொல்கிறது. பாட்டிலில் அடைத்து இரண்டரை மாதம்தான் ஆகிறது. சின்ன ப்ரூவரி, பெயர் வேண்டாம்.

வியாழக்கிழமை இரவு ஒன்றைத் திறந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, ஒயின் கிளாஸில் ஊற்றினேன். நிறம் புதிதாக உருக்கிய நெய்யைப் போல, கொஞ்சம் கலங்கலாக. நுரை சரசரவென்று எழும்பி, நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அடங்கிவிட்டது. முகர்ந்தால் முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் அதிகம் பழுத்த அன்னாசி, அதற்கும் கீழே ஈர வைக்கோல். குதிரை லாயத்தைக் கடந்து போகும்போது வருமே, அந்த வாடை. மனைவி தூரத்திலிருந்தே மூக்கைச் சுளித்து, "இது காடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாக்கின் இரு ஓரமும் இழுத்துப் பிடித்தது, பல் லேசாகக் கூசியது, கடைசியில் நெல்லிக்காய் தின்றது போன்ற துவர்ப்பு. இனிப்பு துளிகூட இல்லை. இரண்டாவது கிளாஸில் மிகவும் பிடித்துப்போனது.

சிக்கல் மறுநாள். மிச்சம் பாதி பாட்டிலை ரப்பர் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். மாலையில் ஊற்றினால் வாசனை முந்தைய நாள் போலத்தான். வாயில் வைத்தபோதும் அதே புளிப்பு. விழுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணுவதற்குள் தொண்டைப் பக்கத்திலிருந்து ஒரு சுவை மேலேறி வந்தது. முதலில் நமத்துப்போன பொரி. அப்புறம், மன்னிக்கவும், எலிப் புழுக்கை. ஊரில் நெல் மூட்டைக்குப் பின்னால் இருக்கும் நாற்றம் அப்படியே. தண்ணீர் குடித்தும் போகவில்லை, இன்னொரு வாய் பியர் குடித்தால் மறைகிறது, விழுங்கியதும் திரும்ப வருகிறது. மனைவியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "நேற்று இருந்த அதே காடிதான், எலியெல்லாம் இல்லை" என்கிறாள்.

இது கெட்டுவிட்டதா, இல்லை இதன் குணமே இதுதானா? இன்னும் ஒரு கிளாஸ் மிச்சமிருக்கிறது. திறக்காத இரண்டாவது பாட்டிலை என்ன செய்வது?

---

சும்மா_ஒரு_ஆள்:

ஊற்றிவிடுங்கள். குதிரை வாடை இருந்தால் உயர்ரகம், எலி வாடை இருந்தால் கெட்டது என்று யார் முடிவு செய்தது? குறையையே குணமாக்கி மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கோல்ஷே போதும் சகோ.

---

மிடி_ஸ்டேஷன்_அக்கா:

தம்பி, அவசரப்பட்டு எதையும் ஊற்றாதீர்கள். நான் பிரஸ்ஸல்ஸில் ஆண்டர்லெக்ட் பக்கம் இருக்கிறேன். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் கான்டியோன். 1900இல் தொடங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கும் லாம்பிக் ப்ரூவரி. லாம்பிக் என்றால் காற்றில் வரும் ஈஸ்ட்டால் தானாகவே புளிக்கும் பெல்ஜியப் பியர். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை மானெகன் பிஸ் சிலைக்கு ஒரு தடவை, அங்கே ஒரு தடவை என்று கூட்டிப்போய்ப் பழகிவிட்டது.

நீங்கள் முகர்ந்த குதிரை லாயம் குறையே இல்லை. அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ப்ரூவரியில் இருந்த கிளாசன் இங்கிலாந்தின் பழைய ஏல் பியர்களில் கண்டெடுத்து, 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்ற பொருளில் வைத்த பெயர். ஒயின்காரர்களுக்கு அது எதிரி, இங்கே வீட்டு மாப்பிள்ளை. அன்னாசி வாசனையும் பெரும்பாலும் அதன் கைவண்ணம்தான். மரத்தின் நுண்துளைகளில் ஒளிந்துகொண்டு, சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரையை மாதக்கணக்கில் மெதுவாகத் தின்னும். உங்கள் பாட்டிலில் இனிப்பு துளிகூட இல்லாததற்குக் காரணம் அதுவே. துவர்ப்பு ஓக் மரத்திலிருந்து வருவது.

உங்கள் மனைவியின் காடி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. புளிப்பில் மோர்ப் புளிப்பு வேறு, காடிப் புளிப்பு வேறு. மோர்ப் புளிப்பு நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும், மூக்கைத் தொடாது. காடி மூக்கில் குத்தும், தொண்டையில் எரியும். பீப்பாய்க்குள் காற்று அதிகம் போனால்தான் காடி ஏறும், அதையும் தாண்டினால் நகப்பூச்சு வாசனை. உங்களுக்குப் பல் கூசியிருக்கிறது, மூக்கு எரியவில்லை. ஆகவே நல்ல பீப்பாய்தான்.

எலி வேறு கதை. அது குறை, சந்தேகமே வேண்டாம். ஆனால் பெரும்பாலும் தற்காலிகக் குறை. இங்கே பீப்பாய்க்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் யாரிடம் கேட்டாலும், பாட்டிலில் அடைத்த புதிதில் எட்டிப்பார்க்கும், பொறுத்தால் போய்விடும் என்பார்கள். அடைக்கும்போது கொஞ்சம் காற்று உள்ளே போயிருக்கும், இரண்டரை மாதம் போதவில்லை. உங்கள் பாதி பாட்டிலுக்கு ஒரு ராத்திரி முழுக்கக் காற்று கிடைத்தது, அதுதான் எலியை எழுப்பிவிட்டது.

இரண்டாவது பாட்டிலை இருட்டான, குளிர்ந்த இடத்தில் குறைந்தது ஆறு மாதம் மறந்துவிடுங்கள். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, தானாகவே சுத்தம் செய்யும். திறந்த பாட்டில் திரும்பி வராது. அதனால் இந்த வகைப் பியரைத் திறந்தால் அன்றைக்கே முடிப்பதுதான் முறை. ஒருவரால் முடியாது என்றால் நான்கு பேரைக் கூப்பிடுங்கள்.

சும்மா_ஒரு_ஆள் கேட்டதற்கு: யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கருவாட்டு வாசனைக்கும் அழுகிய மீனுக்கும் உங்கள் வீட்டில் வித்தியாசம் தெரியும் இல்லையா, அதுபோலத்தான்.

---

தயிர்_லேப்:

நான் பால் பண்ணை லேபில் வேலை செய்கிறேன். பியர் அவ்வளவாகத் தெரியாது, புளிப்பு தெரியும். அந்த 'நான்கு எண்ணுவதற்குள்' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

அந்த நாற்றத்துக்குக் காரணமான பொருட்களுக்கு டெட்ராஹைட்ரோபிரிடின் என்று பெயர். சில லாக்டிக் பாக்டீரியாக்களும் பிரெட்டனோமைசிஸும் உண்டாக்கும், ஆக்ஸிஜன் கிடைத்தால் கூடும். வேடிக்கை என்னவென்றால், புளிப்பான திரவத்தில் அது ஆவியாகாது. உங்கள் பியரின் பிஹெச் (புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.3 வாக்கில் இருக்கலாம். அதனால் கிளாஸை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கியபின் உமிழ்நீர் வாயின் பிஹெச்சை 7க்குப் பக்கத்தில் கொண்டுபோகும், அப்போதுதான் அது கிளம்பி மூக்குக்கு ஏறும். இன்னொரு வாய் குடித்ததும் வாய் மறுபடி புளிப்பாகிறது, மறைகிறது. நீங்கள் எழுதியது அச்சு அசல் அதுதான்.

சோதித்துப் பார்க்கலாம். மிச்சமிருக்கும் கிளாஸிலிருந்து இரண்டு கரண்டி ஒரு கிண்ணத்தில் எடுத்து, ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுங்கள். நுரைத்து அடங்கியபின் முகருங்கள். எலி கிண்ணத்திலேயே வந்து நிற்கும்.

உங்கள் மனைவிக்குத் தெரியவில்லை என்பதிலும் ஆச்சரியம் இல்லை. வாய்க்கு வாய் உமிழ்நீர் வேறுபடும். இந்த வாடை அறவே தெரியாதவர்கள் உண்டு. பாக்கியசாலிகள்.

பிஹெச் என்றதும் பனையேறிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். லாம்பிக் பீப்பாயும் தடவாத கலயம் மாதிரிதான். போன தடவை குடியிருந்தவர்கள் மரத்துக்குள்ளேயே காத்திருப்பார்கள். என்ன, கள்ளுக்குக் காலையிலிருந்து மாலை போதும், இதற்கு வருடக் கணக்கு.

---

கொலோன்காரன்:

சோடா உப்பு போட்டேன். அடேயப்பா. கிண்ணத்தை ஜன்னலுக்கு வெளியே வைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. மனைவிக்கும் இந்தத் தடவை தெரிந்துவிட்டது, "நேற்றே சொல்லியிருக்கலாமே" என்று என்னைத்தான் திட்டினாள். நேற்று சொன்னது நான்தானே!

அக்கா, இரண்டாவது பாட்டில் நிலவறையில், சைக்கிள் டயருக்குப் பக்கத்தில் போய்விட்டது. தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு சந்தேகம். கான்டியோனில் செய்வதும் இதே கோல்டன் சவர்தானா? நிறம் படத்தில் ஒரே மாதிரி இருக்கிறது.

---

மிடி_ஸ்டேஷன்_அக்கா:

நிறம் ஒன்று, குலம் வேறு. உங்கள் மச்சான் கொண்டுவந்தது போன்ற அமெரிக்கப் பியர்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளுத்த பியர் ஒன்றைக் காய்ச்சி, தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் கையால் சேர்த்து, ஒயின் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் ப்ரூவரியின் டெம்ப்டேஷன் அந்த வழியில் பேர்போனது, அதுவும் ஷார்டனே பீப்பாய்தான். கொலராடோவின் நியூ பெல்ஜியம் ப்ரூவரியில் பெரிய மரத்தொட்டிகளில் புளிக்கும் வெளுத்த பியருக்கு ஃபீலிக்ஸ் என்றும், கறுத்ததற்கு ஆஸ்கர் என்றும் செல்லப்பெயர்.

லாம்பிக்கில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை, மீதி பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்தது), வருடக்கணக்கில் பழையதாக்கிய ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ). கொதிக்கவைத்து, கூரைக்கு அடியில் இருக்கும் ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஒரு இரவு ஆறவிடுகிறார்கள். காற்றில் வருவது வரட்டும் என்று. இதனாலேயே குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுகிறார்கள், வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் அதிகம். காலையில் பீப்பாய்க்குப் போகும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஊறியதைக் கலந்து அடைத்தால் கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரைதான் பாட்டிலுக்குள் நுரை தருகிறது.

கலக்காத லாம்பிக்கை அங்கே ஜாடியிலிருந்து ஊற்றுவார்கள். நுரையே கிடையாது. நான் முதல் தடவை குடித்தபோது, யாரோ எலுமிச்சை பிழிந்த நீராகாரத்தை மரப்பெட்டியில் வைத்து மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கூட வந்த தோழி பாதியில் வைத்துவிட்டாள். அவள் கிளாஸையும் நான்தான் முடித்தேன்.

இன்னொன்று, உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பீப்பாய் அறையில் ஒட்டடை அடிக்க மாட்டார்கள். பழ ஈக்களைச் சிலந்தி தின்னும் என்பதால் வலையைக் கலைப்பதில்லை.

---

கொலோன்காரன்:

சிலந்தி என்றதும் அவளுக்கு வரவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, என்ன கணக்கோ. இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லையாம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பார்க்கிறோம்.

கடைசிக் கிளாஸை ஊற்றவில்லை. வெங்காயம், செலரி, கொஞ்சம் வெண்ணெய் போட்டு வதக்கி, சிப்பி வேகவைக்க அதை விட்டேன். எலி போன இடம் தெரியவில்லை. கசப்பும் ஏறவில்லை.

---

மிடி_ஸ்டேஷன்_அக்கா:

ஹாப்ஸ் குறைவு, அதனால் கசக்காது. இங்கே கூஸில் சிப்பியும் முயலும் அப்படித்தான் சமைப்பார்கள். கிளம்பும் முன் ப்ரூவரி திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஞாயிறும் தங்குவதாக இருந்தால் மிடி ஸ்டேஷன் பக்கத்திலேயே பெரிய சந்தை போடுவார்கள், புதினாக் கட்டு மலிவு, காலிப் பை ஒன்று எடுத்துவாருங்கள்.