தாத்தா பரலோகத்தில் இருக்கிறார் என்றால் உயிர்த்தெழுதல் எதற்கு?

ஞாயிறு பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை:
எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் பிள்ளைகளை முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலுக்கு வகுப்பு எடுக்கிறேன். விசுவாசப் பிரமாணம் நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: "தாத்தா பரலோகத்துக்குப் போயிட்டார்னு அடக்கத்துல எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் எதுக்கு டீச்சர் கல்லறையில இருந்து எழும்பணும்?"

அவனுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை இது. வாராவாரம் எழுந்து நின்று அந்தப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" உண்டென்று விசுவாசிப்பதாகச் சொல்கிறோம். வெளியே வந்ததும் சபையாரிடம் கேட்டுப் பாருங்கள். ஆத்துமா மேலே போய்விடும், உடம்பு மண்ணோடு போகும், அவ்வளவுதான் என்பார்கள். குழந்தை இறந்தால் தேவதூதனாகிவிட்டது என்கிறார்கள். மனிதர் தேவதூதராக மாறுவதாக வேதத்தில் எங்கும் இல்லை.

உடம்பு கழற்றிப் போட்ட சட்டை என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்த என் அம்மாவைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டவள் நான். அந்தக் கையும் காலும் தேவனுக்கு வேண்டாதவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வீட்டில் பாட்டி சொன்னது பொய் என்றும் ஆகிவிடக் கூடாது.

இறையியல் மாணவன், மதுரை:
அக்கா, கொரிந்து சபையிலேயே மரித்தோர் எழும்புவதில்லை என்றவர்கள் இருந்தார்கள். பவுல் அந்தச் சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் 15 அவர்களுக்கான பதில்தான். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், "திரிபோவுடனான உரையாடல்" என்ற தன் நூலின் 80ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுதல் கிடையாது, சாகும்போதே ஆத்துமா பரலோகம் போய்விடும் என்பவர்களைக் கிறிஸ்தவர்களாகவே எண்ண வேண்டாம் என்று எழுதினார்.

அவ்வளவு கடுமை நமக்கு வேண்டாம். பாட்டி சொன்னதில் பாதி சரிதானே? பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இன்றைக்கே பரதீசு என்றார் இயேசு. தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருக்கப் பவுலும் ஆசைப்பட்டார். இப்போது அவரோடு இளைப்பாறுதல், கடைசி நாளில் சரீரத்தோடு எழும்புதல். சபையார் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கத்தோலிக்கர், சென்னை:
எங்கள் வீட்டில் நேர் எதிரான பயம். மாமாவை எரிக்கலாமா என்ற பேச்சு வந்ததும், "எரித்துவிட்டால் எப்படி உயிர்த்தெழுவார்?" என்று அத்தை அழுதார். 1963லேயே திருச்சபை அனுமதித்துவிட்டது. சாம்பலைத் தூவக் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. விசுவாசத்துக்காக ஸ்மிர்னாவில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்ட ஆயர் பொலிக்கார்ப்பைக் கடவுளால் எழுப்ப முடியாதா என்று பங்குத்தந்தை கேட்ட பிறகுதான் அத்தை சமாதானமானார். ஆனால் உடல் முக்கியம் என்று அவர் பிடிவாதமாக நம்பியது எனக்குப் பிடித்திருந்தது.

ஓய்வுபெற்ற உபதேசியார், நாசரேத்:
டீச்சரம்மா, துக்க வீட்டில் இதைப் பேசாதீர்கள், அங்கே உட்கார்ந்து அழுதால் போதும். வகுப்பில் யோவான் 11ஐ எடுங்கள். மார்த்தாள் தன் வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த பெண். இறந்துபோன தன் சகோதரன் லாசரு கடைசி நாளில் எழும்புவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெத்தானியாவில் ஒரு சாதாரணப் பெண்ணுக்குத் தெரிந்தது நம் ஜனங்களுக்குத் தெரியாமல் போனதற்குப் பிரசங்கம் செய்த நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:
சரி ஐயா, மார்த்தாளிலிருந்தே தொடங்குகிறேன். அடுத்த வகுப்பைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப் போகிறேன். கர்த்தர் வரும்போது எழுந்து அவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்றுதான் கால் கிழக்கே இருக்கும்படி அடக்கம் செய்யும் வழக்கம் வந்தது என்பார்கள். பழைய கல்லறைகளைக் காட்டி அதைச் சொல்வேன். அந்தப் பையனின் பாட்டியையும் அழைத்திருக்கிறேன். அந்த முதல் பாதியை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.