ஒரே உயரம்தான், பதக்கம் மட்டும் ஒருவருக்கு

அல்சூர்வாசி:
பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஜூனியர் பெண்கள் உயரம் தாண்டுதல் பார்க்கப் போனால், மெத்தைக்கு நேர் எதிரே உட்காருங்கள். வாக்குவாதமெல்லாம் அங்கேதான் நடக்கும். ஒருமுறை பக்கத்தில் ஓசூரிலிருந்து வந்த ஓர் அம்மா. அவர் மகளும் இன்னொரு பெண்ணும் 1.60 மீட்டரைத் தாண்டினார்கள், 1.63இல் இருவருமே மூன்று முறையும் கம்பியைத் தட்டிவிட்டார்கள். வெண்கலம் அந்தப் பெண்ணுக்கு, இவர் மகளுக்கு வெறுங்கை. “ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே தம்பி, இது என்ன நியாயம்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

நான் நோட்டில் குறித்திருந்ததைக் காட்டினேன். தாண்டினால் வட்டம், தட்டினால் பெருக்கல் குறி, அந்த உயரத்தை விட்டுவிட்டால் சிறு கோடு. அவர் மகள் 1.60ஐ இரண்டாம் முயற்சியில் தாண்டியிருந்தாள், மற்றவள் முதல் முயற்சியிலேயே. கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவோ அவரே முன்னால். அதுவும் சமமானால், அதுவரையிலான மொத்தத் தவறுகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். அம்மா ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

ஜாலஹள்ளி அப்பா:
அவருக்கு மகுச்சிக் கதையைச் சொல்லியிருக்கலாமே சார். 2019 தோஹா உலகப் போட்டியில் அந்த உக்ரைன் பெண்ணுக்கு 18 வயது. 2.04 மீட்டர் தாண்டி, 20 வயதுக்குட்பட்டோர் உலக சாதனை படைத்தும் வெள்ளிதான். தங்கம் வாங்கிய ரஷ்யாவின் லசிட்ஸ்கேனே அதே உயரத்தை முதல் முயற்சியிலேயே தாண்டியிருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகுச்சிக்கும் ஆஸ்திரேலியாவின் ஒலிஸ்லாகர்ஸும் 2.00 மீட்டர் தாண்டினார்கள். இம்முறை அதே விதி மகுச்சிக்குக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தது.

என் மகளும் தாண்டுகிறவள்தான். ஒரு போட்டியன்று தூறல். வளைந்து ஓடிவரும் கடைசி நாலைந்து எட்டுகளில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே தரை ஈரமாக இருந்தால் காலை நம்பி ஊன்ற முடியாது. இவள் துண்டை எடுத்துப்போய், தான் கால் ஊன்றி எழும்பும் இடத்தைக் குனிந்து துடைத்தாள். அத்தோடு வரக்கூடாதா? அடுத்து தாண்டவேண்டிய கேரளப் பெண் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வருகிறவள். சுற்றிக்கொண்டு போய் அவளுடைய இடத்தையும் துடைத்துக் கொடுத்தாள். எனக்கு எரிச்சல்தான். ஜெயித்ததும் அந்தப் பெண்தான்.

மர்ஃபி டவுன் அக்கா:
எனக்கு இந்தக் கணக்கே பிடிக்காது. அதே பாரிஸில் 1.95இல் எல்லாமே சமமாகிப் போனதால் உக்ரைனின் கெராஷ்செங்கோவும் ஆஸ்திரேலியாவின் பாட்டர்சனும் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லையே! சின்னப் பிள்ளைகள் போட்டியிலாவது பகிர்ந்து கொடுத்தால் என்ன?

நம் நாட்டுப் பெண்களையும் கொஞ்சம் பேசுங்கள். 2025இல் தென்கொரியாவின் கூமியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், ஹரியானாவின் பூஜா 18 வயதில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாள். நம் கர்நாடகத்து சகானா குமாரி 2012இல் தேசிய சாதனையாகத் தாண்டிய 1.92க்கு மூன்றே சென்டிமீட்டர் குறைவு.

ஸ்ரீராமபுரம் தொண்டர்:
கம்பியை எடுத்து வைக்கும் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி முதுகை வளைத்து அழகாகத் தாண்டினாள். கடைசியில் குதிகால் மட்டும் லேசாகப் பட்டது. கம்பி நடுங்கிக்கொண்டே நின்றது. அவள் கைதட்டிக்கொண்டு மெத்தையை விட்டு இறங்கிய பிறகு விழுந்தது. நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

அவள் மாமா வேலியருகே வந்து, “காற்றடித்து விழுந்தது!” என்று சத்தம் போட்டார். தொடாமல் தாண்டிய பிறகு காற்றால் கம்பி விழுந்தால் அது செல்லும். அந்த விதி அவருக்கும் தெரிந்திருந்தது. நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குதிகால் பட்டது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அடுத்த முயற்சியிலேயே தாண்டிவிட்டாள், என்னைப் பார்த்தால் இன்றும் சிரிக்கிறாள். மாமாதான் பால் வாங்கப் போகிற இடத்தில்கூட என்னிடம் பேசுவதில்லை.