புகலிடச் சட்டத்தில் எல்.எல்.எம்.: இங்கே படிப்பதா, இலண்டன் செல்வதா?

குளத்துப்புழா மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கொல்லம் மாவட்டம் குளத்துப்புழாவில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1976-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர்த் தோட்டத்தின் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். என் பாட்டி, இந்திய வம்சாவளித் தமிழர் பற்றி இரு நாடுகளும் 1964-இல் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டுடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் குடும்ப அட்டை பெற்று, பின்னர் இங்கே பால் வெட்டும் வேலைக்கு வந்தவர். அவருடைய தங்கை இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்திலேயே தங்கிவிட்டு, 1983 கலவரத்துக்குப் பிறகு, 1984-இல் படகில் வந்தார். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த இருவரில் பாட்டி இந்தியக் குடிமகள். சின்னப்பாட்டியின் குடும்பமோ இன்றும் தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருக்கிறது.

இவ்வாண்டு சட்டப் படிப்பை முடித்துவிட்டேன். குடியேற்றம், புகலிடம் தொடர்பான சட்டத்தில் மேற்படிப்பு (எல்.எல்.எம்.) படிக்க விரும்புகிறேன். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு, அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை, ஆகவே இங்கே இதைப் படித்துப் பயனில்லை என்று கல்லூரியில் சொல்கிறார்கள். இலண்டன் என்றால் பெருங்கடன் வாங்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செங்கோட்டை வழக்குரைஞர்:

வணக்கம் அம்மா. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இத்தகைய வழக்குகளைச் சில ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். தனிச் சட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதனாலேயே இங்கு படிக்க வேண்டியது கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அகதி என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் இடமில்லாததால், எல்லா வழக்கும் உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டினர் பற்றிய சட்டம் ஆகிய மூன்றின் இடுக்குகளில்தான் நடக்கிறது. இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்த சக்மா மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க அருணாசலப் பிரதேச அரசு கடமைப்பட்டது என்று 1996-இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, மியான்மரிலிருந்து வந்த ரோகிங்கியா மக்கள் வழக்கில் 2021-இல், வெளியேற்றப்படாதிருக்கும் உரிமை நாட்டில் எங்கும் வசிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை தரும் 19-ஆம் பிரிவைச் சார்ந்தது என்றது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தாலே ஓர் ஆய்வேட்டுக்குப் பொருள் கிடைத்துவிடும்.

1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் இப்போது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் வந்த விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்குகிறது. அது குடியுரிமை அன்று. இந்த வேறுபாடு தெரியாமல் முகாம்களில் பலர் மகிழ்ந்து, பிறகு ஏமாந்ததை நேரில் பார்த்தேன்.

உங்கள் சின்னப்பாட்டி குடும்பத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1-க்கு முந்தைய நாள் வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயிருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், இந்த ஒரு விதியைக் கொண்டுதான் மதுரைக் கிளையில் வென்று கடவுச்சீட்டுப் பெற்றார். முகாமில் பிறந்த பிள்ளைகள் உண்டா? உண்டென்றால் எந்த ஆண்டு?

படிப்பைப் பொறுத்தவரை, களமசேரியில் உள்ள நுவால்ஸ் உட்பட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஓராண்டு எல்.எல்.எம். படிப்புக்கு கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசமைப்புச் சட்டத்தை எடுத்து, ஆய்வேட்டை நாடற்றோர் பற்றி எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து இலண்டன்:

தங்கைக்கு வணக்கம். பாலக்காட்டு எல்லையில் பிறந்து, இலண்டனில் இதே துறையில் முதுகலை முடித்து, இப்போது ஒரு சட்ட அலுவலகத்தில் புகலிட வழக்குகளைக் கவனிக்கிறேன். குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் குடியேற்றச் சட்டத்துக்கென்றே எல்.எல்.எம். உண்டு. ஆக்ஸ்போர்டில் 1982-இல் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையத்தின் படிப்பு சட்டத்தோடு வரலாற்றையும் மானுடவியலையும் சேர்த்துச் சொல்லித்தருவது. பட்டம் மட்டும் பெற்றால் இங்கே ஆலோசனை கூற முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்நாட்டின் 1999-ஆம் ஆண்டுக் குடியேற்ற, புகலிடச் சட்டப்படி வழக்குரைஞராகவோ, பதிவு பெற்ற ஆலோசகராகவோ இருந்தால்தான் முடியும்.

இங்குள்ள புகலிடச் சட்டத்தில் தமிழர் வழக்குகள் நிறைந்து கிடக்கின்றன. 1987 டிசம்பரில் சிவகுமாரன் வழக்கில், அன்று இங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, அச்சம் மனத்தில் இருந்தால் போதாது, அதற்குப் புறநிலை ஆதாரமும் வேண்டும் என்றது, தமிழர்கள் தோற்றார்கள். ஆனால் துன்புறுத்தல் நேரும் என்பதற்கு நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்று அதே தீர்ப்பு வகுத்த அளவுகோல்தான் பின்வந்த எத்தனையோ பேரைக் காத்தது. 2019-இல், கே.வி. என்று மட்டும் குறிக்கப்படும் இலங்கைத் தமிழர் வழக்கில், காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்ட தழும்புகளைத் தானே பிறரைக் கொண்டு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் ஐயப்பட்டதை இங்குள்ள உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; அப்படிச் செய்துகொள்பவர் மிக மிக அரிது என்றது.

வகுப்பில் யாரும் சொல்லித்தராத ஒன்றையும் எழுதுகிறேன். நான் பார்த்த கோப்பு ஒன்றில், ஓர் அம்மா 'பெடியளுக்குச் சாப்பாடு குடுத்தனான்' என்று சொன்னது, 'இயக்கத்தில் பணியாற்றினேன்' என்று ஆங்கிலத்தில் பதிவாகியிருந்தது. வாசலில் வந்து நின்ற பையன்களுக்குச் சோறு போட்டதும் இயக்கத்தில் சேர்ந்ததும் ஒன்றா? அந்த ஒரு வரியைத் திருத்த எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. மலையகத் தமிழ் கேட்டு வளர்ந்த நீங்கள் யாழ்ப்பாணத் தமிழையும் காதால் பழகிக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கி உடனே கிளம்ப வேண்டாம். பிரித்தானிய அரசு தரும் செவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள். அந்த இரண்டாண்டை மேலே எழுதிய ஐயாவைப் போன்ற ஒருவரிடம் கழித்துவிட்டு வாருங்கள்.

குளத்துப்புழா மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவே சின்னப்பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டேன். முகாமில் பிறந்தவர்கள் இருவர். மாமா பிறந்தது 1989. சித்தி பிறந்தது 1987. ஆனால் முகாம் அட்டையில் ஆண்டு மட்டுமே இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் எடுக்கவே இல்லை. பங்குனியில் பிறந்தவள், அம்மன் கோவில் கொடியேற்றத்தன்று வலி வந்தது என்று சின்னப்பாட்டி உறுதியாகச் சொல்கிறார்.

செங்கோட்டை வழக்குரைஞர்:

பங்குனி என்றால் சூலைக்கு முன்புதான். ஆனால் கொடியேற்றத்தை நீதிமன்றம் தனித்து ஏற்காது. பிரசவம் அரசு மருத்துவமனையில் என்றால் அங்கே பேறுகாலப் பதிவேடு இருக்கும். சித்தியின் பள்ளிச் சேர்க்கைப் பதிவில் முழுத் தேதி இருக்கும். சான்றிதழே இல்லாதபோது தாமதப் பதிவுக்கு வழி உண்டு. திங்கட்கிழமை முதலில் பள்ளிக்குப் போகச் சொல்லுங்கள்.