முதல் பக்கம் வாசகரை வழிநடத்துகிறதா, பின்தொடர்கிறதா?

கோட்டோவியன்:
நாளிதழின் முதல் பக்கத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் அது எந்தக் கட்சியின் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடித்ததோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பக்கம் யாரைத் தன் வாசகராகக் கற்பனை செய்கிறது என்று கேட்பதே கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து. 1992 ஏப்ரல் 9, பிரிட்டனில் வாக்குப்பதிவு நாள். தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை மின்குமிழுக்குள் பொருத்திய 'தி சன்' நாளிதழ், இன்று அவர் வென்றால் நாட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்புபவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்ற பொருளில் தலைப்பிட்டது. வரி, மருத்துவம், வேலையின்மை எதுவும் அத்தலைப்பில் இல்லை. ஆனால் படிப்பவருக்கும் தனக்கும் ஏற்கெனவே உடன்பாடு இருப்பதாக அது பாவனை செய்கிறது. சிரித்துவிட்டால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

மாற்றுக்கண்:
பக்கத்தை நன்றாகவே வாசித்திருக்கிறீர்கள்; ஆனால் அதன் ஆற்றலை மிகைப்படுத்துகிறீர்கள். கின்னக்கை எதிர்த்த பழமைவாதக் கட்சியின் ஜான் மேஜர் வென்றதும், ஏப்ரல் 11 அன்று அதே நாளிதழ் வெற்றியைத் தேடித் தந்தது தான்தான் என்று மார்தட்டியது. அந்த விளம்பரத்தையே ஆதாரமாகக் கொண்டு இன்றுவரை பலர் வாதிடுகிறார்கள். அதன் உரிமையாளர் ரூப்பர்ட் மர்டோக்கோ, 2012இல் பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணையில், அந்த மார்தட்டல் தலைப்பு ரசனைக்கேடானது, தவறானது என்றார். 1997 மார்ச்சில் சன் தொழிற்கட்சித் தலைவர் டோனி பிளேரை ஆதரித்தபோது, அக்கட்சி கருத்துக்கணிப்புகளில் நெடுங்காலமாக முன்னணியில் இருந்தது. வாசகர் போன திசையில் பத்திரிகை போனது. விற்பனையை இழக்க யாரும் விரும்புவதில்லை.

கோட்டோவியன்:
வாக்கை மாற்றியது என்று நான் சொல்லவே இல்லை. 1968 அமெரிக்கத் தேர்தலின்போது ஊடக ஆய்வாளர்கள் மெக்கூம்ஸும் ஷாவும் சேப்பல் ஹில் என்ற அமெரிக்க ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் முக்கியம் என்று சொன்ன பிரச்சினைகளின் வரிசையை ஊடகங்கள் முதன்மை தந்த வரிசையோடு ஒப்பிட்டபோது, இரண்டும் பெருமளவு ஒத்துப்போயின. எதை நினைப்பது என்பதைக் காட்டிலும் எதைப் பற்றி நினைப்பது என்பதில்தான் முதல் பக்கத்தின் பிடி இருக்கிறது.

மாற்றுக்கண்:
ஒத்துப்போவது வேறு, காரணமாவது வேறு. மக்கள் கவலைப்படுவதைப் பத்திரிகை எழுதியிருந்தாலும் அதே வரிசைதான் கிடைத்திருக்கும்.

பழைய மேசை:
உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருவரும் நோக்கம் தேடும் இடங்களில் பாதி, அச்சுக்கு அனுப்ப வேண்டிய நேரமும், தலைப்பில் எத்தனை எழுத்து அடங்கும் என்ற கணக்கும், கடைசி நிமிடத்தில் வந்த விளம்பரமும் செய்த வேலை. 1948 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமனைக் குடியரசுக் கட்சியின் டூயி தோற்கடித்ததாக 'சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்' தலைப்பிட்டது; உண்மையில் வென்றவர் ட்ரூமன். அச்சுக்கோப்பவர்களின் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்னதாகப் பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது.

கோட்டோவியன்:
அந்த எடுத்துக்காட்டு எனக்கே துணை நிற்கிறது, ஐயா. அவசரம் ஊகத்தைக் கட்டாயமாக்கியது என்பது சரி. ஆனால் குடியரசுக் கட்சியை ஆதரித்துவந்த நாளிதழ் அந்த ஊகத்தை இத்தனை பெரிய எழுத்தில், தயக்கக் குறி ஒன்றுகூட இல்லாமல் போட்டதே! எழுத்துக் கணக்குக்கும் அதே பதில்தான். 'போலீஸ் சுட்டதில் மூவர் பலி', 'கலவரத்தில் மூவர் பலி' என்ற இரண்டு தலைப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தையே பிடிக்கும். முதலாவதில் சுட்டவர் இருக்கிறார். இரண்டாவதில் கலவரம் மழையைப் போலத் தானாக வந்து மூவரைக் கொன்றுவிட்டுப் போகிறது.

பழைய மேசை:
ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது தலைப்பை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன், யோசிக்காமல்.

மாற்றுக்கண்:
யோசிக்காமல் எழுதியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எனினும் அச்சுக்குப் போகும் நேரத்தில் சுட்டது யார் என்று உறுதியாகாமலும் இருந்திருக்கலாம். ஆகவே ஒரே நாளின் பக்கத்தை வைத்து மறைப்பு என்று தீர்ப்பளிக்க மாட்டேன். உறுதியான பிறகு வரும் நாட்களின் முதல் பக்கங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அப்போதும் சுட்டவர் தலைப்புக்குள் வரவில்லை என்றால், உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன்.