14 வருசப் பழைய வீடு வாங்கப் போறோம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு 12,000 ரூவா தண்டமா?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம் எல்லாருக்கும். கிருஷ்ணகிரில ஒரு வீடு பாத்திருக்கோம், கட்டி 14 வருசம் ஆச்சு, கீழ ரெண்டு பெட்ரூம், மாடில ஒரு ரூம், சம்ப்பு, போர் எல்லாம் இருக்கு. 30 வருசத்துக்கு வில்லங்கம் போட்டாச்சு, பட்டா பாத்தாச்சு, மூலப்பத்திரத்த வக்கீல் கிட்ட குடுத்து ஒப்பீனியனும் வாங்கியாச்சு. அட்வான்ஸ் குடுக்கற நேரத்துல பெங்களூருல இருக்கற மச்சான் போன் பண்ணி, பேப்பர பத்து தடவ பாத்த, வீட்ட எத்தன தடவ பாத்தன்னு கேக்கறான். ரெண்டு தடவ போனோம், ரெண்டு தடவயும் டீ குடிச்சிட்டு வந்தோம், அவ்ளோதான். ஹோம் இன்ஸ்பெக்‌ஷன்னு ஆள் வர்றாங்களாம், தெர்மல் கேமரா, ஈரம் பாக்கற மீட்டர்னு கொண்டாந்து ஒரு நாள் முழுக்க பாத்து ரிப்போர்ட் குடுப்பாங்களாம், 12,000 ரூவா. எங்கப்பா "ஊட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கறானுங்களாம்"னு ரெண்டு நாளா சிரிக்கறாரு. பண்ணலாமா வேணாமா?

மேஸ்திரி மகன்:
அப்பா சிரிக்கறது கரெக்ட்டு. 12,000த்துக்கு ஒரு பாத்ரூமுக்கு டைல்ஸே எடுக்கலாம்.

நான் சும்மா சொல்லல, எங்கப்பா 35 வருசமா மேஸ்திரி, நானும் கூடவே இருக்கேன். ஒரு நல்ல மேஸ்திரிய கூட்டிட்டு போனா அர மணி நேரத்துல சொல்லிடுவாரு. சுவத்த காசுல தட்டுனா டொக்குனு சத்தம் வர்ற எடத்துல பூச்சு விட்டிருக்கு. பீமும் செங்கலும் சேர்ற எடத்துல நேரா ஒரு கோடு போனா அது எல்லா வீட்டுலயும் இருக்கும், பயப்பட வேணாம். ஜன்னல் மூலைல இருந்து சாய்வா போற விரிசல், இல்ல செங்கல் வரிய பிடிச்சு படி படியா ஏறுற விரிசல், அது அஸ்திவாரம் எறங்கறதால இருக்கலாம். விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதிட்டு ரெண்டு மாசம் கழிச்சு பாரு, தாண்டி போயிருந்தா அந்த வீடே வேணாம். சன்ஷேடு அடில, பாத்ரூம் சீலிங்ல கம்பி தெரியுதான்னு பாரு. கம்பி துரு பிடிச்சா ஊதும், ஊதுனா காங்கிரீட்ட தள்ளி உதுத்துடும். கவர் பிளாக் வைக்காம கம்பிய பலகை மேலயே படுக்க வெச்சு ஊத்துன ஸ்லாப்புல இதுதான் நடக்கும், சீலிங்குக்கு 20 மில்லியாவது கவர், அதாவது கம்பிக்கு அடில காங்கிரீட், இருக்கணும்.

இதுக்கு எந்த கேமராவும் வேணாம். தெர்மல் கேமரா சுவத்துக்குள்ள ஒண்ணும் பாக்காது தெரியுமா, மேல் பரப்பு சூட்ட தான் காட்டும். ஈரம் இருக்கற எடம் குளுந்து நீலமா தெரியும், மரத்து நெழல் பட்ட எடமும் அப்படியேதான் தெரியும். கலர் படத்த பாத்துட்டு ஜனங்க ஆ-ன்னு வாய பொளக்கறாங்க.

ஓசூர் ஒயரிங்:
மேஸ்திரி மகன் சொன்னதுல சிவில் சைடு அத்தனையும் சரி, மறுக்கல. ஆனா அண்ணா, நீங்க ஒரு வார்த்த கூட கரண்ட பத்தி பேசல பாருங்க, அதான் என் பிரச்சன. மேஸ்திரி சுவர பாப்பாரு, சுவத்துக்குள்ள ஓடறத யாரு பாக்கறது? சீலிங் பூச்சு உதிந்து தலைல விழுந்தா காயம், கீசர் பாடில கரண்ட் வந்தா ஆள் காலி.

நான் வயரிங் வேலதான். போன மாசம் பர்கூர் பக்கம் ஒரு வீடு, அதுவும் 12, 13 வருசம்தான் இருக்கும். போர்ட தொறந்தா 1.5 சதுர மில்லி வயருக்கு 32 ஆம்ப் எம்சிபி, அதான் லோடு ஏறுனா தானா விழற ஸ்விட்ச், போட்டு வெச்சிருக்கான். ஏன்னு கேட்டா "அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் ஒண்ணா போட்டா விழுந்துட்டே இருந்துச்சு, பெருசா மாத்திட்டாங்க"ன்றாரு. எம்சிபி வயர காப்பாத்தத்தான் விழுது. அதுக்கு பெருசா போட்டா வயர் தாங்காம சுவத்துக்குள்ளயே வேகும், எம்சிபி வேடிக்கை பாக்கும்.

அத விட பெரிய கூத்து ஈஎல்சிபி. இப்ப ஆர்சிசிபின்றாங்க, அதுதான் மனுசன காப்பாத்தறது, 30 மில்லி ஆம்ப் லீக்கானாலே கட் பண்ணிடும். அந்த வீட்ல அது போர்டுல அழகா உக்காந்திருக்கு, ஆனா வயர் அதுக்குள்ள போகவே இல்ல, பைபாஸ். இன்வெர்ட்டர் போட வந்தவன் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் கலந்துட்டான், அது கலந்தா ஈஎல்சிபி சும்மா சும்மா ட்ரிப் ஆகும், கலப்ப எங்கன்னு தேட சோம்பேறித்தனம், அப்படியே சுத்தி விட்டுட்டான். வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இத எந்த காசுல தட்டி கண்டுபிடிப்பீங்க?

டீக்கடை தர்மபுரி:
நீங்க ரெண்டு பேரும் வேற வேலையே இல்லாம பேசறீங்க. எங்க தாத்தா பாலக்கோடு பக்கத்துல கருங்கல் சுவரும் மேல பலகைக்கல்லும் போட்டு கட்டுனாரு, 60 வருசம் தாண்டிடுச்சு, ஒரு இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது ஒரு மீட்டர் கிடையாது, இன்னும் குத்துக்கல்லு மாதிரி நிக்குது. எல்லாத்துக்கும் பயம் காட்டி காசு புடுங்கறதுதான் இப்ப தொழில்.

ஓசூர் ஒயரிங்:
அண்ணா உங்க தாத்தா வீட்டுல கீசர் இருந்துச்சா? இன்வெர்ட்டர்? ஏசி? ரெண்டு குண்டு பல்பு இருந்திருக்கும், அதுக்கு எந்த வயரும் தாங்கும். கல்லு நிக்குது சரி, இப்ப அதே வீட்டுல மேல கல்லுல ஓட்ட போட்டு பைப் அடிச்சு ஏசி மாட்டியிருப்பீங்களே, அந்த வயர யாரு பாத்தா?

டீக்கடை தர்மபுரி:
ஏசி இல்ல. கீசர் இருக்கு.

அரூர் அக்கா:
கீசர்னு சொன்னதால சொல்றேன் தம்பிங்களா. எங்க தண்ணி உப்புத் தண்ணி, ஹீட்டருக்குள்ள வெள்ளையா படியும், தண்ணி காயும்போது கொர கொரன்னு சத்தம் வரும். நாங்க இந்த வீட்ட வாங்கும்போது கீசர் இருந்துச்சு, புதுசு மாதிரி பளபளன்னு, ஃப்ரீயா கெடச்சதேன்னு சந்தோசம். ரெண்டு வருசம் கழிச்சு ரிப்பேருக்கு வந்த பையன் மேல கீழ பாத்துட்டு அப்படியே ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு என்ன கூப்புட்டான். பழைய வீட்டுக்காரங்க, சேஃப்டி வால்வுல சொட்டு சொட்டா தண்ணி வருதுன்னு ப்ளம்பர கூப்புட்டு அதுக்கு எண்ட் ப்ளக் போட்டு அடச்சு வெச்சிருக்காங்க. பிரஷர் ஏறுனா வெளிய போறதுக்கு இருக்கற ஒரே வழி அதுதானாம். தெர்மோஸ்டாட் ஒரு நாள் மக்கர் பண்ணியிருந்தா டேங்கே வெடிச்சிருக்கலாம்னான். ரெண்டு வருசம் என் புள்ளைங்க அந்த பாத்ரூம்ல தான் குளிச்சாங்க, நெனச்சா இன்னும் கை நடுங்குது. அதனால பாக்கணும் தம்பி, யார வெச்சு பாக்கறதுன்றது உன் இஷ்டம்.

தண்ணியும் பாரு. நம்ம பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு இருக்கறது ஊருக்கே தெரிஞ்ச விசயம், அதுக்குதான ஒகேனக்கல்ல இருந்து காவிரித் தண்ணி கொண்டாந்தாங்க.

காவேரிப்பட்டணத்தான்:
அக்கா தண்ணி பாத்தாச்சு, ஓனரே டிடிஎஸ் மீட்டர் விட்டு காட்டுனாரு, 400 கிட்ட தான் வருது. ஒகேனக்கல் கனெக்‌ஷனும் இருக்கு.

அரூர் அக்கா:
டிடிஎஸ் மீட்டர்ல ஃப்ளோரைடு தெரியாது தம்பி, அது மொத்தமா என்ன கரைஞ்சிருக்குன்னு தான் சொல்லும். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மிஞ்சிப் போனா 1.5, அதுக்கு மேல போனா புள்ளைங்க பல்லு பழுப்படிக்கும், இன்னும் மேல போனா எலும்ப பிடிக்கும். டிடிஎஸ் 400 காட்டுற தண்ணியிலயும் அது இருக்கலாம். பாட்டில்ல பிடிச்சு குடிநீர் வாரிய லேபுல குடு. காய்ச்சி குடிச்சா போயிடும்னு யாராவது சொல்வாங்க, நம்பாத, காய்ச்சினா தண்ணி தான் கொறையும், ஃப்ளோரைடு அப்படியே இருக்கும்.

இன்னொண்ணு, ஒகேனக்கல் லைன் எங்க போய் விழுதுன்னு பாரு. பாதி வீட்டுல அதையும் போர் தண்ணியையும் ஒரே சம்ப்புல விட்டு கலந்து மேல ஏத்தறாங்க. அப்புறம் எதுக்கு அந்த கனெக்‌ஷன்?

மேஸ்திரி மகன்:
அக்கா சொன்னது நல்ல பாயிண்ட், அந்த சம்ப்பு விசயம் நானே எங்க வீட்ல பாக்கணும். ஆனா பாருங்க, இதுல எதுக்கும் 12,000 ரூவா ஆள் தேவப்படல. ஒரு எலக்ட்ரீசியன் 1,000 ரூவா, ஒரு ப்ளம்பர் 500, மேஸ்திரிக்கு ஒரு டீ. தண்ணிய நீங்களே லேபுக்கு தூக்கிட்டு போறீங்க. இன்ஸ்பெக்டர் எதுக்கு?

ராயக்கோட்டை ரிட்டர்ன்ஸ்:
நான் ஓசூர்ல ஃபிளாட் வாங்கும்போது இந்த இன்ஸ்பெக்‌ஷன் பண்ணேன், ரெண்டு பக்கமும் சொல்றேன். 46 பக்கம் ரிப்போர்ட். அதுல 30 பக்கம் கதவு கீல் சத்தம் போடுது, டைல்ஸ்ல கீறல், ஸ்விட்ச் பிளேட் கோணல்னு போட்டோ போட்டு நெரப்பியிருக்கான். கடைசி பக்கத்துல பொடி எழுத்துல, நாங்க கண்ணுக்கு தெரிஞ்சத மட்டும் தான் பாத்தோம், எதுக்கும் பொறுப்பில்லன்னு எழுதியிருக்கான். படிச்சப்ப எரிச்சல் தான் வந்துச்சு.

ஆனா மிச்ச பக்கத்துல ரெண்டு விசயம் இருந்துச்சு. ஒண்ணு எர்த்திங், லீக்காகற கரண்ட மண்ணுக்கு அனுப்பற வயர். பிளக்குல மூணு ஓட்ட இருக்கு, மூணாவது ஓட்டைக்கு பின்னாடி வயரே இல்ல. ரெண்டாவது, பால்கனில வாட்டம் உள் பக்கமா இருக்கு, மழத்தண்ணி ஹாலுக்கு வரும். இத வெச்சு 80,000 கொறச்சேன். வாயால சொல்லியிருந்தா ஓனர் அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்னு சிரிச்சிருப்பாரு, பேப்பர்ல போட்டோவோட பாத்ததும் பேசாம உக்காந்தாரு.

மேஸ்திரி மகனுக்கு ஒரு கேள்வி, கோச்சுக்க வேணாம். வீட்ட பாக்க வர்ற மேஸ்திரி தான அப்புறம் ரிப்பேர் வேலையும் எடுக்கறாரு? அப்ப அவரு பிரச்சன பெருசுன்னு சொன்னா அவருக்கு வேல கெடைக்குது.

மேஸ்திரி மகன்:
கோச்சுக்கல, ஆனா வலிக்குது பாஸ். அப்படி பண்ற ஆளுங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. எங்கப்பா பண்ணதில்ல. பொதுவா வீடு வாங்கறவன் கேக்கற கேள்வியே தப்பு, "எல்லாம் நல்லா இருக்கா மேஸ்திரி?"ன்னு வாசல்ல நின்னுட்டு கேப்பாங்க, அவரும் "நல்லா இருக்குங்க"ன்னுடுவாரு. மொட்ட மாடிக்கு ஏணி போட்டு மேல ஏறுங்கன்னு யாரும் சொல்றதில்ல.

மாடில தான் விசயமே இருக்கு. தட்டோடு போட்டிருக்கா, சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் பொடியும்) போட்டிருக்கா, இல்ல வெறும் சிமெண்ட் பூச்சா. பக்கெட்ல தண்ணி ஊத்தி எந்த பக்கம் ஓடுது, எங்க தேங்குதுன்னு பாக்கணும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சே, அந்த மழைல இந்த வீடு என்ன ஆச்சுன்னு பக்கத்து வீட்ல கேளுங்க, ஓனர் கிட்ட கேக்காதீங்க. எல்லா ரூம்லயும் பெயிண்ட் பழசா இருந்து ஒரே ஒரு சீலிங்ல மட்டும் புதுசா இருந்தா அதுக்கு கேமராவே வேணாம், உங்க கண்ணே போதும்.

ஓசூர் ஒயரிங்:
எர்த்திங் பத்தி மட்டும் ஒண்ணு சேத்துக்கறேன். சில எலக்ட்ரீசியன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்பு போட்டு, எரியுது பாருங்க எர்த் சூப்பர்னு சொல்லுவாங்க. நியூட்ரலையே எர்த்துல முடிஞ்சு வெச்சிருந்தாலும் அந்த பல்பு எரியும், அது எர்த்தே இல்ல, எமன். ஒழுங்கா ஈஎல்சிபி இருக்கற வீட்ல அப்படி பல்பு போட்டாலே ட்ரிப் ஆயிடணும். எர்த் மீட்டர் வெச்சிருக்கற ஆளா பாத்து கூப்புடுங்க. ஈஎல்சிபில டெஸ்ட் பட்டன் இருக்கும், அமுக்குனா விழணும். அது விழுந்தா அந்த டப்பா வேல செய்யுதுன்னு தான் அர்த்தம், எர்த் நல்லா இருக்குன்னு ஆகாது.

டீக்கடை தர்மபுரி:
எங்க வீட்டு போர்ட போய் பாத்தேன். டெஸ்ட் பட்டன் அமுக்குனேன். ஒண்ணும் ஆகல.

ஓசூர் ஒயரிங்:
அப்ப அந்த டப்பா போயிருக்கணும், இல்ல பைபாஸ் ஆயிருக்கணும். அத சரி பண்ற வரைக்கும் கீசர போடாதீங்க ணா. சீரியஸா சொல்றேன்.

காவேரிப்பட்டணத்தான்:
அப்டேட். 12,000 குடுக்கல. ஆனா டீ குடிச்சிட்டும் வரல. நேத்து ஒரு எலக்ட்ரீசியன், ப்ளம்பர், எங்க பெரியப்பாக்கு தெரிஞ்ச ஒரு மேஸ்திரி, மூணு பேரையும் ஒண்ணா கூட்டிட்டு போனேன். வேல உங்களுக்கு குடுக்கறதா இல்ல, பாத்து சொல்ல மட்டும் தான் காசுன்னு முன்னாடியே சொல்லி ஆளுக்கு 1,000 குடுத்தேன், ராயக்கோட்டை சொன்னதுக்கு அப்புறம் வந்த யோசன. எல்லாத்தையும் போட்டோ எடுத்து நானே நாலு பக்கம் எழுதுனேன்.

போர்டு பரவால்ல, ஈஎல்சிபி விழுது. மாடில இருக்கற ரூமுக்கு மட்டும் அப்புறமா இழுத்த வயர், அதுக்கு எர்த் இல்ல. சம்ப்பு ஒண்ணுதான், அக்கா சொன்ன மாதிரியே ரெண்டு தண்ணியும் கலக்குது. சாம்பிள் லேபுக்கு போயிருக்கு. கிச்சன்ல கேஸ் ட்யூப்ல இருந்த தேதிய பாத்தா அஞ்சு வருசம் எப்பவோ முடிஞ்சிடுச்சு, ஓனர் பொண்டாட்டி அத பாத்துட்டு அவரு மேலயே பாஞ்சாங்க, அது தனிக் கத. கீழ் பெட்ரூம் சீலிங் மட்டும் புது பெயிண்ட்.

ஓனர் கிட்ட நாலு பக்கத்தையும் குடுத்திருக்கேன், ஞாயித்துக்கெழம பேசறோம். எங்கப்பா இப்ப சிரிக்கல, அந்த சீலிங்க மட்டும் நாலு தடவ தட்டி பாத்தாரு.

மேஸ்திரி மகன்:
அந்த பெட்ரூமுக்கு நேர் மேல என்ன இருக்கு? பாத்ரூமா, வெறும் மாடியா? பாத்ரூம்னா பைப் ஜாயிண்ட், சின்ன செலவு. வெறும் மாடின்னா வாட்டமே தப்பா இருக்கலாம், மேல மொத்தமா கொத்தி எடுத்து போடணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள மேல ஏறி ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி வீடியோ எடுத்து இங்க போடுங்க. டீ கூட வேணாம்.