மறுமடல்: தோள் மூட்டு மாற்றில் ‘ரிவர்ஸ்’ என்பதற்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களே,

தேய்ந்த தோள் மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கும் அறுவையில், பந்தும் கிண்ணமும் இடம் மாறும் ‘ரிவர்ஸ்’ வகைக்குத் தமிழ்ச் சொல் தேடி முப்பது மடல் தாண்டிவிட்டோம், வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கான கைப்பிரசுரம் அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது மூட்டு தேய்ந்து, தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாத எழுபது வயதுக்காரர்கள். அதை மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

> ‘தோண்மூட்டு’ என்பதே புணர்ச்சி விதிப்படி சரி.

புலவர் ஐயா, நாள் + மலர் நாண்மலர் ஆவதுபோல இதுவும் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிக்கும் பாட்டிக்குத் ‘தோள்’ என்ற சொல் முழுசாகக் கண்ணில் படவேண்டும். பிரித்தே எழுதுகிறேன்.

> இல்முன் ‘முன்றில்’ ஆகிறது, நகர்ப்புறம் ‘புறநகர்’ ஆகிறது. பொருள் மாறாமல் இடம் மட்டும் மாறும் இலக்கணப் போலி. இங்கும் அதுதானே? ‘முன்பின் மூட்டு’ என்று வையுங்கள்.

இதை வீட்டில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன், அவ்வளவு பிடித்தது. இயற்கையில் பந்து கை எலும்பின் உச்சியில், கிண்ணம் தோள்பட்டை எலும்பில். வழக்கமான முழு மாற்றில் அதே அமைப்பை உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாகச் செய்கிறார்கள். ரிவர்ஸில் பந்தைத் தோள்பட்டையில் திருகி, கிண்ணத்தைக் கையில் வைக்கிறார்கள். சரி, இடம் மாறுகிறது. ஆனால் இங்கே பொருளும் மாறுகிறதே! தோளைச் சுழற்றும் நான்கு தசைகளின் நாண்கள் கிழிந்துபோனவருக்கு வழக்கமான மூட்டு வைத்தால், பந்து நிலைகொள்ளாமல் மேலே ஏறிவிடும். இடம் மாற்றி வைத்தால் தோளின் வெளிப்புறத்து டெல்டாய்டு தசையே கையைத் தூக்கும் வேலையை ஏற்கிறது. பிரான்சின் டிஷோனில் பால் கிராமோன் 1985இல் கொண்டுவந்த வழி இது. அப்புறம், ‘முன்பின்’ என்றால் நோயாளி முன்பக்கம் பின்பக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

> நாங்கள் ‘தலைகீழ் மூட்டு’ என்றே சொல்கிறோம், புரிந்துகொள்கிறார்கள்.

டாக்டர் அம்மா, வழக்கில் இருப்பது பெரிய வலு. என் தயக்கம் ஒன்றுதான்: ‘எல்லாம் தலைகீழாகப் போச்சு’ என்றால் நம் ஊரில் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். ‘மறுதலை’ வடிவியலுக்குப் பொருந்தும், ஆனால் மறுதலித்தல் குறுக்கே வருகிறது. ‘நேர்மாறு’ கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. நான் சொன்ன ‘பந்து இடம் மாறிய மூட்டு’ நீளம் என்றார்கள், நீளம்தான். ஆனாலும் பந்து எங்கே போகிறது என்பதை அது ஒன்றுதான் சொல்கிறது; பள்ளியில் ‘பந்து கிண்ண மூட்டு’ படித்த பேரப்பிள்ளைகள் வீட்டில் விளக்கவும் முடியும்.

பெரும்பாலோர் ‘தலைகீழ்’ பக்கம், எல்லோரும் களைத்தும் போய்விட்டார்கள். தலைப்பில் அதையே போடுகிறேன், அடுத்த வரியில் ‘பந்தும் கிண்ணமும் இடம் மாறியவை’ என்று சேர்த்து. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, மறுபதிப்பு வந்தால் மறுபடி கேட்பேன். கிண்ணத்தைத் தொடாமல் பந்தை மட்டும் மாற்றுவதற்கு ‘அரை மாற்று’, அதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஆங்கிலத்தில் ‘ரொட்டேட்டர் கஃப்’ எனப்படும் அந்த நான்கு நாண்களின் தொகுதிக்குச் சொல் இன்னும் அமையவில்லை. ‘சுழல்பட்டி’ சட்டைக் கைப்பட்டியை நினைவூட்டுகிறது என்று அக்கா எழுதியிருந்தார். எந்த மாற்று என்று முடிவு செய்வதே பெரும்பாலும் அந்த நாண்கள் நலமா, கிழிந்ததா என்பதை வைத்துத்தான், அதனால் விட்டுவிட முடியாது. நாளை இரவுக்குள் யாராவது சொல்லுங்கள். இல்லையென்றால் ‘தோளைச் சுழற்றும் தசைநாண்கள்’ என்று விரித்தே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.